ஒளியை முந்துபவர்களின் கவனத்திற்கு

1

ரொறன்ரோவுக்கு மேற்கே என் மகன் நவாஸின் வீட்டுக்கு அடியில் ஒரு நிலவறை இருக்கிறது. பதின்மூன்று படிகள் இறங்க வேண்டும். இந்த நாட்டில் பாவனைக்கு உதவாத தளபாடங்களையும் பாவனைக்கு உதவாத மனிதர்களையும் நிலவறையில்தான் வைப்பார்கள். என் கட்டிலும் அங்கேதான். கட்டிலுக்கும் துணி துவைக்கும் இயந்திரத்துக்கும் நடுவே ஒரு பெரிய மேசை. சனிக்கிழமை பிற்பகல்களில் அந்த மேசையைச் சுற்றி மூன்று பேர் உட்கார்ந்து, ஒளியைவிட வேகமாகப் பயணம் செய்வது எப்படி என்று சண்டை பிடிக்கிறார்கள்.

மூன்று பேரும் நாற்பதைத் தாண்டியவர்கள். நவாஸ் தண்ணீர்க் குழாய்களின் வரைபடம் பார்க்கிற வேலை செய்கிறான். கஜன் மின்தூக்கி திருத்துகிறவன், புத்தளத்துக்குத் தெற்கே உடப்பு என்கிற இந்துக் கிராமத்தில் பிறந்தவன், கடல்தொழில் செய்த குடும்பம். மூன்றாவது ஆள் மெலிசா, இந்த நாட்டுக்காரி, நூலகத்தில் வேலை. மூவருக்கும் வேலை இருக்கிறது, மூவருக்கும் வீட்டுக்கடன் இருக்கிறது, புத்திதான் இல்லை.

ஊரில் இருந்து இதை வாசிப்பவர்களுக்கு இந்த விளையாட்டை விளக்க வேண்டும். தாயக்கட்டம் போலக் கட்டமும் இல்லை, காய் சுண்டுகிற கரம் போலப் பலகையும் இல்லை. ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு வேடம் எடுப்பார்கள்: கப்பல் தலைவன், வியாபாரி, கள்ளன். "நான் கதவை உடைக்கிறேன்" என்று ஒருவர் வாயால் சொல்வார். கதவு உடைந்ததா இல்லையா என்று பகடை உருட்டிப் பார்ப்பார்கள். பகடைக்கு ஆறு முகம் போதாதாம், இருபது முகம் வேண்டுமாம். நான் எண்ணிப் பார்த்தேன், இருபதுதான்.

கடையில் விற்கிற விளையாட்டை விளையாடினாலும் பரவாயில்லை. இவர்கள் புதிதாக ஒன்றைத் தாங்களே செய்கிறார்கள். அதில் மனிதர்கள் நட்சத்திரம் விட்டு நட்சத்திரம் போக வேண்டும். மிகக் கிட்டிய நட்சத்திரத்துக்கு ஒளியே போய்ச்சேர நான்கு வருடத்துக்கு மேல் ஆகும். உண்மைப்படி கதை எழுதினால், கப்பல் தலைவன் போய் இறங்குவதற்குள் கிழவனாகிச் செத்துவிடுவான். ஆகவே ஒரு பொய் தேவைப்படுகிறது. அந்தப் பொய்க்கு ஒழுங்கான விதி எழுதுவதற்கு எட்டு மாதமாக மினக்கெடுகிறார்கள்.

இந்த மாதத்தோடு என் காக்கா மௌத்தாகி ஒரு வருடம். என் கூடப்பிறந்த மூத்த ஆண் அவர் ஒருவர்தான். அவருடைய அடக்கத்துக்கு நான் போய்ச்சேரவில்லை. இப்போது மிஞ்சியிருக்கிற ஒரே கூடப்பிறப்பு, என் மூத்த ராத்தா, இலங்கையில், புத்தளத்துக்குப் பக்கத்தில் கற்பிட்டி வீதியில், களப்போரத்தில், படுக்கையில் கிடக்கிறார். இந்த இரண்டையும் எழுதத்தான் உட்கார்ந்தேன். மேசையில் உருளுகிற பகடை இடையில் வந்து விழுகிறது. நான் என்ன செய்ய?

2

முதலில் வாசல் என்றார்கள். ஆகாயத்தில் அங்கங்கே வாசல்கள் இருக்குமாம். இந்த வாசலால் நுழைகிற கப்பல், மறுகணமே எத்தனையோ ஒளியாண்டுகளுக்கு அப்பால் உள்ள வாசலால் வெளியே வருமாம். மெலிசா வட்டம் வட்டமாகப் படம் கீறினாள்.

நான் கட்டிலில் கிடந்தபடி கேட்டேன்: "அந்த வாசலில ஆரு இரிக்கிற?"

"ஒருத்தரும் இல்ல வாப்பா. அது சும்மா ஒரு ஓட்டை," என்றான் நவாஸ்.

"ஓட்டைக்குப் பக்கத்தில கதிரை போட்டு ஒருத்தன் குந்தியிருப்பான். அவன் மூடு எண்டா மூடும், திற எண்டா திறக்கும்."

"ஐயா எலுவன்குளத்தச் சொல்றார்," என்று கஜன் சிரித்தான்.

ஓம், அதைத்தான் சொன்னேன். மன்னாருக்குத் தெற்கே இருந்த எங்கள் ஊரிலிருந்து தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம்களான எங்களை இயக்கம் வெளியேற்றியது. காட்டுப் பாதையால் நடந்து, எலுவன்குளத்தில் ஆற்றைக் கடந்து, புத்தளம் மாவட்டத்தில் ஏறினோம். அதற்குப் பிறகு அந்தப் பாதையை யுத்தம் மூடிவிட்டது. ஊருக்குப் போவதென்றால் அனுராதபுரத்தைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். சண்டை முடிந்த பிறகு பாதையைத் திறந்தார்கள். கொஞ்சம் மழை பெய்தால் போதும், எலுவன்குளத்துத் தாழ்ந்த பாலத்துக்கு மேலால் ஆறு ஓடும், பஸ் நின்றுவிடும். மழை விட்டால் வனவிலங்குகளின் காடு என்று சொல்லி மூடினார்கள். கூட்டம் போட்டுக் கேட்டால் திறந்தார்கள். திரும்ப மூடினார்கள். குறுக்குப் பாதை என்று ஒன்று இருந்தால் அதற்கு ஒரு பொறுப்பதிகாரி இருப்பார் என்பது எனக்குத் தெரியும். ஆகாயமானாலும் சரிதான்.

கஜன் இதை மெலிசாவுக்கு ஆங்கிலத்தில் சொன்னான். அவள் கண்ணை விரித்துக்கொண்டு கேட்டாள். பிறகு எழுதிக்கொண்டாள்: ஒவ்வொரு சுற்றிலும் வாசலுக்குப் பகடை உருட்ட வேண்டும், ஐந்தும் அதற்குக் கீழும் விழுந்தால் வாசல் பூட்டு. என் குடும்பம் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்த பாதை, அவளுக்கு ஐந்தும் அதற்குக் கீழும்.

அடுத்த கிழமை வாசல் சரிவராது, எல்லாரும் எங்கேயும் உடனே போகலாம் என்று வைப்போம் என்றார்கள். உப்பளத்தில் இருபத்தைந்து வருடம் மூட்டை எண்ணினவன் நான். புத்தளத்து உப்பை மலைநாட்டில் ஏன் வாங்குகிறார்கள்? அங்கே உப்பு விளையாது, புத்தளம் தூரத்தில் இருக்கிறது. தூரம் இல்லையென்றால் வியாபாரி இல்லை, கள்ளன் இல்லை, காத்திருக்கிற பெண்சாதி இல்லை. பிறகு எதை வைத்துக் கதை சொல்வார்கள்? இதைச் சொன்னேன். மூவரும் திரும்ப வாசலுக்கே வந்தார்கள். இவ்வளவு படித்தவர்களுக்கு இதை ஒரு உப்பளத்து எழுதுவினைஞன் சொல்ல வேண்டியிருப்பதை எந்தப் பல்கலைக்கழகத்திடம் முறையிடுவது?

3

காக்கா மௌத்தானது ஒரு வெள்ளிக்கிழமை விடிய, சுபஹுத் தொழுகை நேரம். எங்களுக்கு இங்கே வியாழன் இரவுச் சாப்பாட்டு நேரம். ராத்தாவின் மகள் ஜெஸ்மினா அழைத்து, "மாமா, பெரிய மாமா போயிட்டார்" என்றாள். சோற்றுக் கோப்பையை அப்படியே வைத்துவிட்டு எழும்பினேன். பேத்தி ஹனாவுக்கு அப்போது ஒன்பது வயது. பாட்டனின் காக்காவைப் பெரியப்பா என்பது எங்கள் வழக்கம். "பெரியப்பா முடிஞ்சிட்டாரா?" என்று கேட்டாள். பால் முடிவது போல, சவர்க்காரம் முடிவது போல. திருத்துவதற்கு நேரமில்லை. அவளுக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான். அதையும் நான் மட்டும்தான் திருத்துகிறேன்.

அன்றிரவே விமானத்தில் ஏறினேன். ஏறினவனுக்கு அறிவு இருந்ததா என்று கேட்டால், இல்லை. எங்கள் ஆட்கள் மையத்தை, செத்தவரின் உடலை, வைத்திருக்க மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியாதா? பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் சொன்னதும் சனம் கேட்கிற முதல் கேள்வியே எத்தனை மணிக்கு அடக்கம் என்பதுதான். நான் அத்திலாந்திக்குக்கு மேலே கோழிக்கறி மூடியைத் திறக்க முடியாமல் இருந்தபோது ஜும்ஆத் தொழுகை முடிந்து காக்காவை அடக்கிவிட்டார்கள். தோஹாவில் இறங்கி, மலசலகூட வரிசையில் நிற்கும்போது தொலைபேசி உயிர் பெற்றது. ஜெஸ்மினாவின் மகன் அனுப்பிய படம்: வெள்ளைத் துணி, கபுறுக் குழி, மண் தள்ளுகிற கைகள். எனக்குப் பின்னால் நின்ற ஒருவர், நகரச் சொல்லித் தோளில் தட்டினார்.

நான் வீட்டுக்குப் போய்ச்சேர்ந்தபோது பள்ளிவாசல் சங்கத்தின் பிளாஸ்டிக் கதிரைகளை ஒன்றுக்கு மேல் ஒன்றாக அடுக்கி லொறியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"ஒரு நாள் பொறுக்க ஏலாமப் போச்சா?" என்று ராத்தாவிடம் கத்தினேன்.

ராத்தா என்னைவிட ஏழு வயது மூத்தவர். சத்தம் போட மாட்டார். "பொறுக்கிறதுக்கு மையத்து என்ன, அரசாங்கக் கச்சேரியில பயணப் பாஸ் எடுக்க நிக்கிற ஆளா?" என்றார்.

"நான் அவ்வளவு தூரத்தில இரிந்து வாறன்."

"ஓம், வாறாய். ஆளு போன பொறகு வாறாய். நல்லாக் கேட்டுக்க தம்பி. என்னப் பாக்க வாறதெண்டா நான் கண் முழிச்சிரிக்கக்க வா. மையத்துக்கு வராத. மையத்துக்கு நீ வந்தது எனக்குத் தெரியவா போகுது?"

அன்று அது கோபத்தில் சொன்ன கதை என்று எடுத்துக்கொண்டேன். திரும்பி வந்துவிட்டேன். நான்கு மாதத்துக்கு முன்னர் ராத்தாவின் சிறுநீரகம் இரண்டும் தேய்ந்துவிட்டது என்றார்கள். கிழமைக்கு இரண்டு தரம் இரத்தம் சுத்திகரிக்கப் புத்தளத்துக்குக் கொண்டுபோனார்கள். போன மாதத் தொடக்கத்தில் ராத்தா, இனி ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேன் என்று சொல்லிவிட்டார். வைத்தியர் நாள் குறித்துக் கொடுக்கவில்லை. அவர்கள் குறித்துக் கொடுக்க மாட்டார்கள். வேண்டாத பத்திரத்துக்கெல்லாம் திகதி போடுவார்கள்.

4

இங்குள்ள எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. ஊரில் வயதான தாயோ தகப்பனோ உள்ள ஒவ்வொரு வீட்டிலும் கட்டிலுக்கு அடியில் ஒரு பெட்டி கட்டிவைத்திருப்பார்கள். கடவுச்சீட்டு, வெள்ளைச் சாரம், தொப்பி, மாற்றுடுப்பு, ஜெஸ்மினா போன்றவர்களுக்குக் கொடுக்க இரண்டு போத்தல் நோவெண்ணெய். மௌத்துச் செய்தி வந்ததும் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கு. போய்ச்சேருவதற்குள் அடக்கம் முடிந்துவிடும் என்பது பெட்டி கட்டுகிற எல்லாருக்கும் தெரியும். தெரிந்துகொண்டே கட்டுகிறார்கள். பெருநாள் தொழுகை முடிந்து பள்ளிவாசல் வாசலில் நின்று, யார் எத்தனை மணித்தியாலத்தில் போய்ச்சேர்ந்தார் என்று பெருமை வேறு. ஒருவர் இருபத்தாறு என்றார். இன்னொருவர் இருபத்துமூன்று என்றார். இருவருமே கபுறைத்தான் பார்த்தவர்கள்.

என் கட்டிலுக்கு அடியிலும் பெட்டி இருந்தது. காலையில் எழும்பியதும் அதைக் காலால் தட்டிப் பார்ப்பேன்.

நவாஸின் பெண்சாதி பஸ்லியா, "மாமா, இப்பவே ஒருக்காப் போய்ட்டு வாங்களன்" என்று இரண்டு தரம் சொன்னாள். பனி என்றேன். முழங்கால் என்றேன். சீனி வருத்தக்காரன் இவ்வளவு மணித்தியாலம் உட்கார்ந்திருக்கக் கூடாது என்றேன். பயண முகவரிடம் விசாரித்தேன். எங்கள் மொழி பேசுகிற பெண்தான். முதல் கேள்வி: "ஆரும் மௌத்தா அங்கிள்? அப்பிடியெண்டா அவசரம் எண்டு போடலாம்." இல்லை என்றேன். "அப்ப அவசரம் இல்ல," என்று சொல்லி அடுத்த அழைப்புக்குப் போய்விட்டாள். விசாவுக்குப் பார்த்தேன். பிறந்த நாட்டுக்குப் போக இப்போது எனக்கு விசா வேண்டும். உறவினரைப் பார்ப்பதும் சுற்றுலாவின் கீழ்தான் வருமாம். நவாஸும் கூட வருவதற்கு வேலைத்தலத்தில் கேட்டான். குடும்பத்தில் இறப்பு என்றால் லீவு உண்டு, உயிரோடு இருப்பவர்களுக்கு அப்படி ஒன்று இல்லை என்றார்கள். உலகம் முழுதும் ஒரே விதியாக இருக்கிறது என்று நினைத்தேன். செத்தால்தான் கதவு திறக்கும்.

ஆகவே காத்திருந்தேன். செய்தி வந்தால் போவது.

ஒரு சனிக்கிழமை மற்ற இருவரும் தேநீருக்கு மேலே போயிருந்தபோது கஜன் என் கட்டில் ஓரத்தில் வந்து குந்தினான். பெட்டியைப் பார்த்துவிட்டான்.

"எங்கட ஊரில அந்தக் கரைச்சல் இல்ல ஐயா. வெளிநாட்டில இருந்து மகன் வாற வரைக்கும் வச்சிருப்பாங்க. மருந்து அடிச்சு, பெட்டியில வச்சு. எங்க அப்பாவ மூணு நாள் வச்சிருந்தாங்க."

"நீ போய்ச் சேந்தியா?"

"சேந்தன். நல்லாப் பாத்தன்." பெட்டியைக் காலால் உள்ளே தள்ளிவிட்டுச் சொன்னான்: "அவர்தான் என்னப் பாக்கல்ல."

மின்தூக்கி திருத்துகிறவனுக்கு இந்தக் கதை எதற்கு? எழும்பிப் போய்க் கை கழுவினேன்.

5

போன மாதம் ஒரு சனிக்கிழமை மெலிசாவுக்குத் தடிமன், மூக்கொழுக்கல், வரவில்லை. விதிகள் ஒருவாறு எழுதி முடிந்துவிட்டன, அன்றைக்கு விளையாடிப் பார்க்க வேண்டும், ஆள் குறைகிறது.

"வாப்பா, சும்மா வந்து குந்துங்க. ஒரு மணித்தியாலம்."

"எனக்கு வேற வேலை இரிக்கு."

"என்ன வேலை?"

பதில் யோசிப்பதற்குள் கதிரையை இழுத்துவிட்டான். எனக்கு உப்பு வியாபாரி வேடம். மூன்று கப்பல், ஆயிரத்து இருநூறு மூட்டை. மூட்டைக் கணக்கு எழுதியிருந்த விதம் பிழை, திருத்திக் கொடுத்தேன். கஜன் கூலிக்குக் கப்பல் ஓட்டுகிறவன். நவாஸ் கதை சொல்கிறவன்.

விதிகளை நவாஸ் வாசித்தான். ஒளியை முந்துவதில் கப்பலையும் செய்தியையும் பிரித்திருந்தார்கள். செய்தி எந்தத் தூரமானாலும் அதே சுற்றில் போய்விடும். கப்பலுக்கோ தூரத்தைப் பொறுத்துச் சுற்றுகள் எடுக்கும், வாசல் பூட்டியிருந்தால் இன்னும் கூடும். செய்தி முந்தும், ஆள் பிந்தும். முதலில் நேர்மாறாகத்தான் எழுதினார்களாம், கப்பல்தான் செய்தியைக் கொண்டுபோகும் என்று, பழைய காலத்துத் தபால் போல. பிறகு நவாஸ் மாற்றிவிட்டான். எங்கேயிருந்து பிடித்தான் என்று நான் கேட்கவில்லை. எந்நேரமும் தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலில் கிடக்கிற ஒருவனைப் பார்க்க அவன் தூரம் போக வேண்டியதில்லை.

இரண்டாம் சுற்றில் எனக்குச் செய்தி வந்தது. மூன்றாவது கோளில் உள்ள உங்கள் சகோதரி நோயாகக் கிடக்கிறார். கப்பலுக்கு ஏழு சுற்றுத் தூரம்.

"என்ன செய்றீங்க வாப்பா?"

"நோய் எண்டா நோய்தானே. உப்ப இறக்குறன்."

பகடை உருட்டினேன், பதினாறு. உப்பு நல்ல விலைக்குப் போனது. மூன்றாம் சுற்றில் வாசல் திறந்திருந்தது. கஜன், "ஐயா, இப்ப வெளிக்கிடுவமா? வாசல் துறந்திருக்கு" என்றான். இன்னும் நானூறு மூட்டை இருக்கிறது என்றேன். நான்காம் சுற்றிலும் வாசல் திறந்திருந்தது. நானூறில் முந்நூறு போய்விட்டது. ஐந்தாம் சுற்றில் நவாஸ் தாளைப் பார்த்துப் பகடை உருட்டிவிட்டு, "உங்கட சகோதரி மௌத்து" என்றான்.

"சரி. இப்ப வெளிக்கிடுறன். அடக்கத்த நிப்பாட்டி வைக்கச் சொல்லிச் செய்தி அனுப்பு. செய்திதான் உடனே போகுமே."

"செய்தி போகும். ஆனா அந்தக் கோளில அடக்கம் ஒரு சுத்துக்கு மேல காத்திருக்காது வாப்பா. விதி பதினாலு."

"மாத்து."

"மாத்த ஏலாது. எழுதியாச்சு."

"விசர் விளையாட்டு!" பகடையை எறிந்தேன். அது துணி துவைக்கும் இயந்திரத்துக்கு அடியில் போய்விட்டது. "எந்த மடையன் எழுதின விதி இது? ஏழு சுத்துத் தூரத்தில ஒருத்தன வச்சிட்டு, ஒரு சுத்தில அடக்கம் எண்டா அவன் எப்பிடிப் போய்ச் சேருவான்? கணக்கே பிழை. ஒருநாளும் போய்ச்சேர ஏலாதபடி விதி எழுதிப்போட்டு அதுக்குப் பேர் விளையாட்டா?"

நவாஸ் குனிந்து இயந்திரத்துக்கு அடியில் கையை விட்டுப் பகடையைத் தேடிக்கொண்டிருந்தான். அங்கிருந்தபடியே சொன்னான்: "போய்ச்சேர ஏலும் வாப்பா. ரெண்டாம் சுத்தில வெளிக்கிட்டிரிந்தா, வழியில செய்தி வந்தா வந்ததுதான், வராட்டி உயிரோட கண்டிருப்பீங்க. மௌத்துச் செய்தி வந்தாத்தான் வெளிக்கிடலாம் எண்டு விதியில எங்கயாவது இரிக்கா?"

தாளை வாங்கிப் பார்த்தேன். பதினொரு பக்கம். முதலிலிருந்து வாசித்தேன். வாசலுக்கு விதி இருந்தது, எரிபொருளுக்கு விதி இருந்தது, கள்ளனுக்கு மூன்று விதி இருந்தது. அப்படி ஒன்று இல்லை.

"வேணுமெண்டா ஒண்டு போடுவமா ஐயா?" என்றான் கஜன். "பதினஞ்சாவதா. ஊர் வழக்கம் எண்டு."

உடப்பான் உடப்பான்தான்.

என் மகன் இதை எனக்காகச் சொன்னான் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவனுக்கு அவ்வளவு தந்திரம் கிடையாது. பகடை கிடைத்ததும் அதன் மேலிருந்த தூசியை ஊதிவிட்டு, "ஒண்டு விழுந்திருக்கு" என்றான். அதுதான் அவனுடைய கவலை.

நான் கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை வெளியே இழுத்தேன்.

6

ஊரில் யாருக்கும் சொல்லாமல் போனேன். இதற்குக் காரணம் உண்டு. தொலைபேசிச் செய்தி கிட்டத்தட்ட ஒளியின் வேகத்தில் போகிறது. அதை முந்துவதற்கு மனிதனுக்கு ஒரேயொரு வழிதான் இருக்கிறது: அதை அனுப்பாமல் விடுவது. இதை அந்த மூன்று பேரும் எட்டு மாதத்தில் கண்டுபிடிக்கவில்லை.

கட்டுநாயக்காவில் குடிவரவு அதிகாரி என் கடவுச்சீட்டில் பிறந்த இடத்தைப் பார்த்துவிட்டு, சிங்களத்தில், "சாவு வீடா மாத்தயா?" என்று அனுதாபமாகக் கேட்டார். இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. சிலாபம் தாண்டியதும் பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் இருந்த மனிதர், பெட்டியைப் பார்த்துவிட்டு, "எப்ப அடக்கம்?" என்றார். ஒவ்வொருவருக்கும் விளக்குவதற்கு எனக்கு மூச்சு இல்லை.

பாலாவியில் இறங்கி, வீட்டு அடையாளம் சொல்லி ஓட்டோ பிடித்தேன். பெடியன் புத்தளத்துக்காரன், கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே வந்தான்.

"ஹாஜியார் வெளிநாட்டுல ஈந்தா வார?"

"ஓம். கனடா."

"இன்னாலில்லாஹி. யாரு மௌத்து?"

"ஒருத்தரும் இல்ல தம்பி. ராத்தாவப் பாக்க வந்த."

"ஓ... வருத்தம் கடுமையோ? அல்லாஹ் லேசாக்குவான்," என்றான். கதையை விட்டுவிட்டான் என்று நினைத்தேன். களப்பு பக்கத்தில் கூடவே வந்தது. கண்டக்குழிப் பக்கம் விடுதிகளுக்கு வழிகாட்டுகிற பலகைகள் போன வருடத்தைவிடக் கூடியிருந்தன. அங்கே வெள்ளைக்காரர்கள் பட்டத்தில் தொங்கிக்கொண்டு தண்ணீருக்கு மேலால் பறக்கிறார்களாம். அவர்கள் இவ்வளவு தூரம் வருவதற்கு யாரும் சாக வேண்டியிருக்கவில்லை. நான் பலகைகளை எண்ணிக்கொண்டிருந்த நேரத்தில், முன்னால் பெடியன் ஒரு கையால் ஓட்டிக்கொண்டு மற்றக் கையில் தொலைபேசியைப் பிடித்துத் தாழ்ந்த குரலில் பேசியது அரைகுறையாகத்தான் கேட்டது. "...ஓம், கனடா மாமாவாம். பெட்டியோட. அந்த ஊட்டுல மௌத்துப் போல, சொல்றாரில்ல. சங்கத்துக்குச் சொல்லுங்க..."

வீட்டு ஒழுங்கையில் திரும்பியபோது லொறி நின்றது. பள்ளிவாசல் சங்கத்துப் பொடியன்கள் பிளாஸ்டிக் கதிரைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டுப் பெண்கள் முக்காட்டை இழுத்துக்கொண்டு உள்ளே ஓடினார்கள். ஜெஸ்மினா குசினிக்குள் இருந்து அகப்பையோடு வெளியே வந்து, கதிரைகளைப் பார்த்து, என்னைப் பார்த்து, "யா அல்லாஹ், நவாஸ் மச்சானுக்கு என்ன?" என்று தலையில் அடித்துக்கொண்டாள். பள்ளிவாசலில் ஒலிபெருக்கியை ஊதிப் பார்க்கிற சத்தம் கேட்டது. யாருடைய பெயரைச் சொல்வது என்று தெரியாமல்தான் நிறுத்தி வைத்திருந்தார்கள் என்று பிறகு சொன்னார்கள்.

செய்தி முந்திவிட்டது. பாலாவியில் இருந்து பத்து நிமிடத் தூரத்தில்.

ராத்தா முன் அறைக் கட்டிலில் தலையணையைச் சுவரோடு சாத்தி உட்காரவைக்கப்பட்டிருந்தார். பாதியாகிப் போயிருந்தார். கை இரண்டும் வீங்கியிருந்தன. என்னைக் கண்டதும் முகம் வெளுத்தது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்ற எனக்குப் பின்னால், வெளியே அடுக்கப்படுகிற கதிரைகளை எட்டிப் பார்த்தார்.

"ஆரு மௌத்து?" என்றார்.

"ஒருத்தரும் இல்ல ராத்தா."

"பொய் சொல்லாத. நவாஸா? அவன்ட பிள்ளையா?"

"எல்லாரும் சுகம். ஒருத்தரும் மௌத்தில்ல."

கொஞ்ச நேரம் என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் சொல்கிற கணக்கை நம்பலாமா என்று சின்ன வயதிலிருந்தே அப்படித்தான் பார்ப்பார்.

"அப்ப என்னத்துக்கு வந்த?"

"நீங்கதானே சொன்ன, கண் முழிச்சிரிக்கக்க வா எண்டு."

"அது சொல்லி ஒரு வரிசமாச்சு," என்றார். "எத்தின நாள் நிப்பாய்?"

"நாலு கிழமை."

"நாலு கிழமைக்குள்ள நான் போகாட்டி, வந்தது வீண் எண்டு ஊரெல்லாம் கதைச்சுக்கொண்டு திரியாத."

வாசலில் சங்கத்துப் பெரிய பொடியன் வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். "மாமி, கதிர இறக்கிட்டம்... அப்ப ஏத்தவா?"

ராத்தா ஜெஸ்மினாவைப் பார்த்தார். சனம் ஒழுங்கை முழுக்க நின்றது. என்ன செய்வதென்று தெரியாமல், போகவும் மனமில்லாமல். காக்காவுக்கு வந்த அதே சனம்தான்.

"இறக்கினத என்னத்துக்கு ஏத்துற," என்றார் ராத்தா. "எப்பிடியும் எனக்காக வாறதுதானே. இப்ப எண்டா நானும் இரிப்பன். போட்டு விடு. ஜெஸ்மினா, எல்லாத்துக்கும் தேத்தண்ணி ஊத்து. எனக்குச் சீனி போடு, இண்டைக்குப் போடு."

கட்டிலைக் கதவடிக்கு இழுக்கச் சொன்னார். நானும் அந்தப் பெரிய பொடியனும் இழுத்தோம். ராத்தா முற்றத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒவ்வொருவராக வந்து ஸலாம் சொன்னார்கள். ஒவ்வொருவரிடமும் ராத்தா, "ஓம், மௌத்து வீடுதான், மையத்து நான்தான், தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ" என்றார். பிள்ளைகள் சிரித்தார்கள், பெரியவர்கள் அஸ்தஃபிருல்லாஹ் என்றார்கள். நாற்பது கதிரைகள். எண்ணினேன். அஸர் தொழுகைக்கு முன்னமே எல்லாம் நிறைந்துவிட்டன. பிந்தி வந்தவர்கள் மதிலோரம் நின்றார்கள்.